ஹவில்தார் ஏகாம்பரத்துக்கு வலி இல்லை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பட்டாளத்துக்காரன் இருந்தானாம் என்று எவனாவது கதை ஆரம்பித்தால் எங்கள் கல்லேரிக்குப்பத்தில் சிரிப்பார்கள், தம்பி. அங்கே வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரன். கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹவில்தார் தலையில்தான் விழும். அவரும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "எறிஞ்சவன் என்ன ரேங்க்?" என்றுதான் முதலில் கேட்பார். மேல் ரேங்க் என்றால் சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

அதனால் நான் வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். ஒரு ஊரில் ஒரு ஹவில்தார் இருந்தான். அவனுக்கு வலியே இல்லை.

உட்காரு, உட்காரு. டாக்டர் இன்னும் டீ குடித்து முடிக்கவில்லை. பென்ஷன் பட்டாளத்துக்காரர்களுக்கான இந்த பாலிகிளினிக்கில் அவர் டம்ளர் காலியானால்தான் நம் டோக்கன் நகரும். மடியில் வைத்திருக்கிற ஸ்கேன் கவர் அப்பாவுடையதுதானே? முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பாலியேட்டிவ் என்று சொல்லிவிட்டார்களா? அதற்கு ஏன் இப்படி முழிக்கிறாய்? அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லோரும் சங்குச் சத்தம் கேட்ட மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஒன்றுமில்லையப்பா. நோயைத் துரத்த முடியாது என்று தெரிந்துவிட்டால், வலியையாவது துரத்துவது. அவ்வளவுதான்.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. ஏகாம்பரத்தைச் சரி செய்ததே நான்தான். இல்லை, இப்போது இல்லை. செத்துப்போய்விட்டான். அது வேறு விஷயம். குறுக்கே பேசாதே.

நான் சுபேதார் முனிரத்தினம். காலை இப்படி நீட்டி உட்கார்ந்திருக்கிறேனே என்று பார்க்காதே, அது பழக்கம். ஏகாம்பரம் என் தெருக்காரன், என் பட்டாளத்துக்காரன். நான் நாயக் ஆனபோது அவன் சிப்பாய். நான் ஹவில்தார் ஆனபோது அவன் நாயக். நான் சுபேதார் ஆனபோது அவன் ஹவில்தார். என் முதுகைப் பார்த்துக்கொண்டே சர்வீஸை முடித்தவன். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகும் தினம் காலையில் என் வீட்டு கேட்டில் வந்து நிற்பான். நான் "வா" என்று சொன்னால்தான் உள்ளே வருவான். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன், மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி நவநீதம் குடையோடு வந்து, "ஏன்யா, உனக்குப் பென்ஷன் குடுத்தாங்களா, இல்ல பாரா டியூட்டி குடுத்தாங்களா?" என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மாவுக்கு டிசிப்ளின் என்றால் என்னவென்றே தெரியாது.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கதை புரியாது. பட்டாளத்தில் பெரிய ஆபீசர் வந்து வரிசையாக எல்லோரையும் பார்ப்பார். ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று, "கோயி தக்லீஃப்?" என்று கேட்பார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று அர்த்தம். அதற்கு ஒரே பதில்தான். "நஹீ சாப்!" இல்லை ஐயா. ஊரில் வீடு இடிந்து விழுந்திருக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைத்திருக்காது, காலில் சீழ் பிடித்திருக்கும். நஹீ சாப்! கேட்பது மரியாதைக்கு, சொல்வதும் மரியாதைக்கு. எவனாவது கேள்வியை நிஜமென்று நம்பிப் பதில் சொன்னால் ஆபீசர் திரும்பி எங்களைப் பார்ப்பார். அப்புறம் நாங்கள் அவனைப் பார்ப்போம்.

இதில் ஏகாம்பரம் கெட்டிக்காரன். ஒரு தடவை ஜெனரல் இன்ஸ்பெக்ஷன். இவன் பூட்ஸுக்குள் தேள். கொட்டிவிட்டது. அசையவில்லையே! ஜெனரல் எதிரே வந்து "கோயி தக்லீஃப்?" என்றார். "நஹீ சாப்!" என்று இவன் போட்ட போடில் பக்கத்து மலையில் எதிரொலித்தது. ஜெனரல் அந்தப் பக்கம் போனதும் மரம் மாதிரி சாய்ந்தான். நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடக்கம்.

அப்படிப்பட்டவனுக்குப் புற்று வந்தது. குடலில் ஆரம்பித்து, தெரிய வருவதற்குள் இடுப்பு எலும்புக்குப் போய்விட்டது. தெரிய வந்தால்தானே! கேட்டவர்களிடமெல்லாம் "ஒண்ணுமில்ல, வாயு" என்று சொல்லிச் சொல்லிப் பெருங்காயத்தைத் தின்றே காலத்தைக் கடத்தியிருக்கிறான்.

இனிமேல் மருந்தில்லை என்று ஆனபிறகு, எங்கே வைத்துப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. உன் வீட்டிலும் வரும், பார். மகன் தயாளன் புனேயில் வேலை. போனில் இருந்துகொண்டே, "அப்பாவோட மிலிட்டரி மெடிக்கல் கார்டு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில ஐசியூல போட்டுடலாம்" என்றான். ஐசியூவில் போட்டுவிட்டால் மகன் கடமை முடிந்தது, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் மிலிட்டரி ஆஸ்பத்திரி என்றேன். அங்கே விடியும்போது பிகில் கேட்கும், செத்தாலும் நேரத்தோடு சாகலாம். இங்கே இருக்கிற டாக்டர், ஒரு டிரஸ்ட் நடத்துகிற இல்லம் இருக்கிறது, கடைசிக் காலத்துக்காரர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வீட்டிலேயே வையுங்கள், சிஸ்டர் வேனில் வந்து பார்ப்பார் என்றார். நவநீதம் மட்டும் பிடித்த பிடியாக, "ஊரூரா டென்ட்ல படுத்த மனுஷன். கடைசியிலயும் கவர்மென்ட் கட்டில்லதான் படுக்கணுமா? வீட்ல இருக்கட்டும்" என்றாள்.

ஏகாம்பரத்தையே கேட்டோம். மகனிடம் "சரிடா" என்றான். என்னிடம் "ஜீ சாப்" என்றான். நவநீதத்திடம் ஒன்றும் சொல்லவில்லை, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரு ஹவில்தார் செய்கிற காரியமா அது? ஆனால் அதையே அவள் ஓட்டாக எண்ணிக்கொண்டுவிட்டாள்.

டாக்டர் ஒரு கண்டிஷன் போட்டார். வலி கட்டுக்குள் இருக்கிற வரைக்கும் வீடு. எவ்வளவு வலிக்கிறது என்று நோயாளி சரியாகச் சொன்னால்தான் மார்ஃபினை ஏற்ற முடியும். அதில் கோளாறானால் ஆஸ்பத்திரி. நவநீதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வேன் வந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கியது. சிஸ்டர் தஸ்லீமா. பூஞ்சையான உடம்பு, தோளில் அதைவிடப் பெரிய பை. நான் சும்மா இருப்பேனா? முதல் நாள் வருகிறார்கள், இன்ஸ்பெக்ஷன் இல்லையா? காலையிலேயே போய் ஏகாம்பரத்துக்கு ஷேவிங் பண்ணி, போர்வையைப் பட்டாளத்து மடிப்பாக மடித்து, அவனையும் நேராக நீட்டிப் படுக்கவைத்திருந்தேன். குறுக்கிக்கொண்டு கிடந்தான். "ஸாவ்தான்!" என்றேன். அட்டென்ஷன் என்று அர்த்தம். கால் இரண்டும் தானாக நீண்டது பார்! படுக்கையிலேயே அட்டென்ஷன். அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டது.

"இவரு ஏன் இப்படிப் படுத்திருக்காரு?"

"மரியாதைம்மா" என்றேன்.

அது பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தது. வரிசையாக மூஞ்சிகள். முதல் மூஞ்சி சிரிக்கிறது. போகப்போக வாய் கோணுகிறது. கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டு அழுகிறது. "ஐயா, உங்க வலி இப்ப எந்த மூஞ்சி?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு. நாங்கள் பார்த்த சண்டைக்கெல்லாம் இப்படி அட்டை காட்டியா கேட்டார்கள்? நான் கட்டிலோரம் நின்று ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். விரலை நீட்டினான். சிரிக்கிற மூஞ்சி!

"சபாஷ்" என்றேன்.

"வலியே இல்லையா ஐயா?"

"நஹீ சாப்!"

அந்தப் பெண்ணைப் போய் சாப் என்கிறான். ஆனால் குரலில் பழைய கம்பீரம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்று சாயங்காலம் நவநீதம் என் வீட்டு கேட்டைப் படாரென்று திறந்துகொண்டு வந்தாள். "அண்ணே, நீங்க வாசல் தாண்டினதும் அந்த மனுஷன் தலகாணியக் கடிக்கிறாரு. உறை கிழிஞ்சு பஞ்சு வாயில ஒட்டியிருக்கு. நீங்க வந்தா மட்டும் சிப்பாய் வேஷம் கட்டறாரு."

"அப்படியானால் நான் இருந்தால் சரியாகிவிடுகிறது, இல்லையா?" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். பெண்களுக்கு எடுத்துச் சொன்னால் புரிவதில்லை.

அடுத்த தடவை சிஸ்டர் வந்தபோதும் அதே சிரிக்கிற மூஞ்சி. அதற்கடுத்த தடவையும் அதே. கிளம்பும்போது அந்தப் பெண் என்னை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னது: "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க ரூம்ல இருக்கும்போது மட்டும் அவருக்கு வலிக்கவே மாட்டேங்குது."

கேட்டாயா தம்பி? மருத்துவம் படித்த பெண் சொல்கிறது! நான் பக்கத்தில் இருந்தாலே வலி போய்விடுகிறதாம். நான் மீசையைத் தடவிக்கொண்டு, "பெருமைக்குச் சொல்லலைம்மா, அந்தக் காலத்துலயே என் பிளாட்டூன்ல உடம்பு சரியில்லன்னு சிக் ரிப்போர்ட் குடுத்தவன் கிடையாது" என்றேன். அந்தப் பெண் டீயில் உப்புப் போட்டுக் குடித்த மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வேனில் ஏறியது. அடக்கமான பெண். பாராட்டிவிட்டுக் கூச்சப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். என் மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் கட்டிலருகே போட்டேன். காலை இட்லி முடிந்ததும் போனால் விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கேதான். நவநீதம், "உங்களுக்கு வீட்ல வேலையே இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? சுவர்க் கடிகாரமும் நானும்தான். அதுவும் பாட்டரி தீர்ந்து நிற்கிறது.

நாள் முழுக்க பேப்பர் படித்துக் காட்டுவேன். பழைய கதை சொல்வேன். நேரத்துக்கு நேரம் "ஏகாம்பரம், கோயி தக்லீஃப்?" என்பேன். "நஹீ சாப்!" என்பான். குரல்தான் வரவரக் கம்மிக்கொண்டே போயிற்று. சோறு இறங்கவில்லை. நெற்றியில் எப்போதும் வேர்வை. ஃபேன் பத்தவில்லை என்று என் வீட்டு டேபிள் ஃபேனையும் கொண்டுவந்து வைத்தேன். அவன் தாடையைக் கடித்துக்கொண்டு மேலே உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் அதை வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். வைராக்கியம்தானே?

தெம்பு வரட்டும் என்று ஒருநாள் கேன்டீன் ரம்மில் ஒரு மூடி மருந்து கிளாஸில் ஊற்றி வைத்தேன். சிஸ்டர் மோந்து பார்த்துவிட்டது.

"என்ன சார் இது?"

"பயப்படாதேம்மா, கேன்டீன் சரக்கு. கலப்படமே கிடையாது."

"மார்ஃபினோட இதையும் குடுத்தா அவரு தூங்கினா எழுந்திருக்கவே மாட்டாரு சார்!"

நவநீதம் அந்த கிளாஸைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். கோழி ஒன்று வந்து கொத்திவிட்டு அன்றைக்கு முழுக்க அட்டென்ஷனில் நின்றது. சிரிக்காதே, நிஜம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தயாளனிடமிருந்து போன் வந்தது. "வலி இல்லைங்கறாரு, ஆனா சாப்பிடல, ஆள் உருகிட்டாரு. அப்ப வேற என்னமோ இருக்கு. வீட்ல வெச்சிருந்தது போதும். நாளைக்கு ஆம்புலன்ஸ் வருது, ஐசியூக்குத்தான்" என்றான். நவநீதம் போனைக் காதில் வைத்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அதுவரைக்கும் அந்தப் பொம்பளை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சண்டை போடுவதானாலும் நின்றுகொண்டுதான் போடுவாள்.

மறுநாள் காலை ஆம்புலன்ஸுக்கு முன்னால் சிஸ்டர் வந்தது. நான் வழக்கம்போல ஷேவிங் முடித்து, ஸாவ்தான் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் அட்டையை எடுக்கவே இல்லை. நவநீதத்தைப் பார்த்தது. நவநீதம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, வெளிய போங்க."

"எதுக்கு?"

"போங்கன்னா போங்க. இது என் வீடு. உங்க பாரக் இல்ல."

அதோடு விட்டாளா? என் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு சுபேதாரை! தெருவே வேடிக்கை பார்க்கிறது. எதிர்வீட்டு லான்ஸ் நாயக் டீ டம்ளரோடு வந்து மதில்மேல் சாய்ந்துகொண்டான். நவநீதத்தின் ஆடு என் வேட்டி ஓரத்தைத் தின்ன ஆரம்பித்தது. அதற்கும் ரேங்க் தெரியவில்லை. இந்த அவமானத்தில்தான் தம்பி இன்றைக்கு வரைக்கும் என் மனசு ஆறவில்லை. சொல்லு, நான் என்ன தப்புப் பண்ணினேன்?

நான் ஒட்டுக்கேட்கவில்லை. நிழலுக்காக ஜன்னலோரம் போய் நின்றேன். உள்ளே அந்தப் பெண் கேட்டது. "ஐயா, சுபேதார் சார் இல்ல. நானும் அம்மாவும்தான். இப்ப சொல்லுங்க, எந்த மூஞ்சி?"

பையிலிருந்து அட்டையை எடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஏகாம்பரம் கேட்டான்: "இந்தக் கடைசி மூஞ்சிக்கு அப்பால வேற மூஞ்சி இருக்காம்மா?"

அட்டை பைக்குள் திரும்பிப் போகிற சத்தம்.

"சாப்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! பொய் ரிப்போர்ட், தம்பி. இத்தனை நாளும் மேலதிகாரி முகத்தைப் பார்த்துப் பொய் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறான். பட்டாளத்தில் இதற்குச் சார்ஜ் உண்டு. கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நவநீதம் "அண்ணே!" என்று குறுக்கே வந்தாள். ஒதுக்கிவிட்டுப் போனேன்.

அவன் சுருண்டு படுத்திருந்தான். முழங்கால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூரான் மாதிரி. நான் ஏகாம்பரத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் என்ன செய்தான் தெரியுமா? காலை நீட்ட ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. அவனாகவே ஒரு காலைக் கையால் பிடித்துத் தள்ளி நீட்டினான், அப்புறம் இன்னொரு கால். எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் அவன் மூக்கிலிருந்து வந்தது. நீட்டி முடித்து, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அட்டென்ஷனில் படுத்து, உத்தரத்தைப் பார்த்து, நான் கேட்கப்போகிற கேள்விக்குத் தயாராக இருந்தான்.

நான் சார்ஜ் போடத்தான் வாயைத் திறந்தேன். வாய் என்னவோ வேறு ஆர்டர் போட்டுவிட்டது.

"ஏகாம்பரம்! ஆராம் ஸே!"

உனக்குத் தெரிந்திருக்காது. அட்டென்ஷனிலேயே நிற்க முடியுமா? விறைப்பை விட்டு, கைகால் தளர்த்தி, இஷ்டம்போல நிற்கலாம் என்பதற்குத்தான் ஆராம் ஸே. அதைச் சொல்கிற வரைக்கும் நல்ல சிப்பாய் அசையமாட்டான்.

அவன் என்னை நம்பாத மாதிரி பார்த்தான். இன்னொரு தடவை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கால் இரண்டும் மறுபடி மடங்கிக்கொண்டது. அப்புறம் ஒரு சத்தம் போட்டான் பார். எதிர்வீட்டு லான்ஸ் நாயக் டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். அன்றைக்குத் தேள் கொட்டினபோது போடாத சத்தத்தையும் சேர்த்துப் போட்டான் என்று நினைக்கிறேன்.

"கோயி தக்லீஃப்?" என்று கேட்டேன்.

"ஹான் சாப்" என்றான். ஆமாம் ஐயா. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ரிப்போர்ட் குடு. சிஸ்டருக்குக் குடு. முழு ரிப்போர்ட்."

கொடுத்தான். இடுப்பில் எங்கே, தொடையில் எங்கே, எப்போது குத்தல், எப்போது எரிச்சல், எந்தப் பக்கம் திரும்பினால் உயிர் போகிறது, எல்லாம். அந்தப் பெண் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டது. மருந்தைக் கூட்டினார்கள். இடையில் வலி வந்தால் போட இன்னொரு வேளை தனியாக. சிஸ்டர் கட்டிலோரமே உட்கார்ந்து அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அவன் வாய் திறந்து குறட்டை விட்டான். ஆம்புலன்ஸ் வந்தது. நவநீதம் வாசலிலேயே டிரைவருக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். தயாளனிடம், "உங்கப்பா குறட்டை விடறாரு, கேளுடா" என்று போனைக் கட்டிலுக்கு நேரே பிடித்தாள். அந்தப் பையன் புனேயில் உட்கார்ந்துகொண்டு அழுதான்.

இப்போது சொல், யார் சரி செய்தது? மருந்து என்கிறார்கள். மருந்து அலமாரியில்தான் இருந்தது. ஆர்டர் யார் போட்டது?

ஆனால் அந்த ஆர்டரைப் போட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! குறை சொல்லப் பர்மிஷன் கிடைத்ததும் அவன் நிறுத்தவே இல்லை. வலி குறையக்குறைய வாய் நீண்டுவிட்டது. கருவாட்டுக் குழம்பில் புளி கம்மி. என் டேபிள் ஃபேன் கடகடவென்கிறது. மார்ஃபின் போட்டால் வயிறு கட்டிக்கொள்ளும், அதற்குத் தனி மருந்து கொடுப்பார்கள். அது வேலை செய்ததா இல்லையா என்று தினமும் எனக்கு விலாவாரியாக ரிப்போர்ட். சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்துத்தான் சொல்வான்.

அப்புறம் பழைய கணக்கெல்லாம் எடுத்தான். தயாளனுக்குக் காது குத்தினபோது லீவு கொடுக்கவில்லையாம், நான் நினைத்திருந்தால் கிடைத்திருக்குமாம். ஒருநாள் திடீரென்று, "சாப், அந்தத் தேளு" என்றான். "பூட்ஸை உதறிட்டுப் போடறேன்னு சொன்னேன். நேரமாச்சு, அப்படியே போடுன்னு அவசரப்படுத்தினது நீங்கதான்" என்றான். நவநீதம் சமையல்கட்டிலிருந்து சிரித்தாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் நேரமாகியிருக்கும், அதனால் சொல்லியிருப்பேன். மார்ஃபின் போட்டால் சிலபேருக்கு ஞாபகம் பிசகும் என்று நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். சிஸ்டரைக் கேட்டேன். "அவருக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றது. பார்த்தாயா, அந்தப் பெண்ணுக்கு இன்னும் அனுபவம் போதாது.

வெயில் காலம் முழுக்க வீட்டில் இருந்தான். மாங்காய் காய்த்து, பழுத்து, அதில் கொஞ்சம் கூழாகக் கரைத்துக் கொடுத்தபோது "புளிக்குது" என்று அதற்கும் குறை சொன்னான். கடைசி வாரம் பேச்சு நின்றுவிட்டது. நவநீதம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் நாற்காலியை அவளே உள்ளே கொண்டுவந்து போட்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கையை நீட்டி முந்தானையைத் தேடினான். அவள் கொடுத்தாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. காலைச் சுருட்டிக்கொண்டு, இஷ்டம்போலப் படுத்தபடியே போனான்.

ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஆட்கள் காலை நேராக நீட்டப் போனார்கள். "தொடாதே" என்றேன். அப்படியே வைத்தோம். கொஞ்சம் அகலப் பெட்டி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதனால் நான் உனக்குச் சொல்வது என்னவென்றால், வீட்டில் வைத்தாலும் சரி, அந்த இல்லத்தில் வைத்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் வைத்தாலும் சரி, அதெல்லாம் அப்புறம். உன் அப்பா என்ன ரேங்க்? நாயக்கா? சரி. அவருக்குச் சீனியர் யாராவது உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து ஆர்டர் போடச் சொல். யாரும் இல்லையென்றால் நானே வருகிறேன். நாற்காலி மட்டும் போடு. ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் சும்மாதான் இருக்கிறேன். காலை இட்லி முடிந்ததும் வந்துவிடுவேன்.

இதோ நவநீதம் வருகிறாள். ஏகாம்பரத்தின் மெடிக்கல் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், துணைக்கு வாங்கண்ணே என்றாள். அதற்குத்தான் வந்தேன். எனக்கு இங்கே வேறு என்ன வேலை?

முடிஞ்சுதாம்மா? கையில என்ன, டோக்கனா? யாருக்கு? எனக்கா! யாரைக் கேட்டு வாங்கின? எனக்கு ஒண்ணும் இல்ல. முட்டியா? அது மழைக்கு அப்படித்தான். பொங்கலிலிருந்து மழையே இல்லையா? சரி, வெயிலுக்கு. தம்பி முன்னால ஏன் சத்தம் போடற? ராவெல்லாம் நான் முனகறது உன் வீட்டுக்குக் கேட்குதா? அது நான் இல்ல, ஆடு.

என்ன சொன்ன?

இன்னொரு தடவை சொல்லு.

கேட்டாயா தம்பி, ஒரு ஹவில்தார் பெண்டாட்டி ஒரு சுபேதாருக்கு ஆராம் ஸே சொல்கிறாள். எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. சிரிக்காதே.

உன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் பார், அந்தக் கோடி ரூம். ஸ்கேன் கவரை எடுத்துக்கொள். நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும். ஆனால் ஒன்று, போகும்போது திரும்பிப் பார்க்காதே. சீனியர் எழுந்திருக்கும்போது நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை. நேரே பார்த்து நட. ம், அப்படித்தான். இன்னும் கொஞ்சம். கதவைச் சாத்திக்கொள்.

போயிட்டானா?

நவநீதம், இப்ப கையைக் குடும்மா.